வித்த வண்டிக்கு வந்த ஃபைன்!

போன மாதம் ரெண்டு நாள் லீவு கிடைத்தது, ஊருக்குப் போயிருந்தேன். ஊர் ஒலக்கூர். திண்டிவனத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஜி.எஸ்.டி ரோட்டை ஒட்டி இருக்கிறது. விழுப்புரம் போகும் பாசஞ்சரில் தொழுப்பேடு தாண்டியதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். எக்ஸ்பிரஸில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஜன்னலில் ஓடி மறையும் ஒரு மஞ்சள் போர்டு, அவ்வளவுதான்.

சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா போனை நீட்டினார்.

"பாப்பா, நீ பத்திரிகையிலதானே வேல செய்யற? இது நெசமா, ஏமாத்து வேலையான்னு பாரு."

டி.என். 16-ல் ஆரம்பிக்கும் ஒரு வண்டி நம்பர், ஒரு செல்லான் நம்பர், 3,000 ரூபாய் அபராதம், கீழே ஒரு லிங்க். இவ்வளவுதான் அந்த மெசேஜ். டி.என். 16 என்றால் திண்டிவனம் ஆர்.டி.ஓ ஆபீஸில் பதிவான வண்டி.

"உங்க வண்டிதானா சித்தப்பா?"

"என் வண்டிதான். ஆனா எங்கிட்ட இல்ல. வித்து நாலு வருசம் ஆச்சு. இதுக்கு முன்னாடி கூட ரெண்டு வந்துது, எவனோ ஏமாத்தறான்னு அழிச்சிட்டன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. 'லிங்க்கைத் தொடாதீங்க, பணம் போயிடும்' என்று நாமேதான் வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறோம். போக்குவரத்து அபராதத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே ஃபைல் அனுப்பி, அதைத் திறந்தவரின் போனையே கைப்பற்றும் கும்பல்கள் உண்மையிலேயே இருக்கின்றன. சித்தப்பா நாங்கள் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறார். கேட்டு, நிஜமான ரெண்டு மெசேஜை அழித்திருக்கிறார்.

அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம். மெசேஜில் இருக்கும் லிங்க்கைத் தொடவே தேவையில்லை. போன் பிரவுசரில் நீங்களே 'இசெல்லான் டாட் பரிவாஹன் டாட் கவ் டாட் இன்' என்ற முகவரியை ஆங்கிலத்தில் டைப் செய்து உள்ளே போங்கள். கடைசியில் 'கவ் டாட் இன்' இல்லாத எதையும் செல்லான் தளம் என்று நம்பாதீர்கள். வண்டி நம்பரைக் கொடுத்தால், கூடவே சேஸிஸ் நம்பர் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். செல்லான் நம்பர் கையில் இருந்தால் அதைப் போட்டும் பார்க்கலாம். உண்மையான செல்லான் எதுவும் ஏ.பி.கே ஃபைலாக வராது. தெரியாமல் அப்படி ஒன்றைத் திறந்து பணம் போயிருந்தால், உடனே 1930-க்கு அடிக்க வேண்டும்.

எங்களுக்கு அங்கேயே ஒரு சிக்கல். சேஸிஸ் நம்பர் ஆர்.சி புக்கில் இருக்கும். ஆர்.சி புக் வண்டியோடு போய்விட்டது. சித்திதான் பீரோவின் மேலே இருந்த தகரப் பெட்டியை இறக்கி, நிலப் பட்டாவுக்கும் என்னுடைய பழைய மார்க் ஷீட்டுக்கும் நடுவில் இருந்து மங்கிப்போன ஒரு ஜெராக்ஸைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நம்பரைப் போட்டோம். மூன்று செல்லான்கள் வரிசையாக வந்து நின்றன.

முதலாவது, ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்கு 1,000. இரண்டாவது, ஓட்டியவரும் பின்னால் உட்கார்ந்தவரும் ஹெல்மெட் போடாததற்கு தலைக்கு 1,000 வீதம் 2,000. மூன்றாவது, போன் பேசிக்கொண்டே ஓட்டியதற்கு 1,000, இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு 2,000. மொத்தம் 6,000 ரூபாய். வண்டியை அவர் விற்றதே 11,000-க்கு.

இரண்டாவது செல்லானோடு ஒரு போட்டோ இருந்தது. பின்பக்கம் எடுத்தது. முகம் தெரியவில்லை, நம்பர் பிளேட் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சித்தப்பா போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"நம்ம வண்டிதான். அந்தக் கேரியரு, நான் தாண்டி ஊர்ல வெல்டு வச்சது."

'தாண்டி ஊர்' என்றால் எங்கள் வீட்டில் திண்டிவனம். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஓட்டினது அவன், ஃபைன் எனக்கா?

சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

முன்பெல்லாம் போலீஸ் வண்டியை நிறுத்துவார், ஓட்டியவர் அங்கேயே ஃபைன் கட்டுவார், விஷயம் ரோட்டோரத்திலேயே முடிந்துவிடும். இப்போது வண்டியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. கையில் இருக்கும் கருவியில் போட்டோ எடுத்து நம்பரைப் போட்டால் போதும். ரோட்டில் இருக்கும் கேமராவும் இதே வேலையைச் செய்யும். கேமராவுக்கு ஆளைத் தெரியாது, நம்பரைத்தான் தெரியும். அந்த நம்பருக்குப் பின்னால் 'வாகன்' என்ற மத்திய பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குச் செல்லான் போகும். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த விதி, மின்னணுக் கருவிகள் பதிவு செய்யும் விதிமீறல்களுக்கு முறையான சட்ட அந்தஸ்தையும் கொடுத்துவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவு, அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்ற தகவலைச் சொல்லும் பொறுப்பை உரிமையாளர் மேல் வைக்கிறது. அதனால் 'நான் இல்லை, இன்னார்தான் ஓட்டினார்' என்று சொல்ல வழி உண்டு. ஆனால் சொல்வதற்கு இன்னார் யார் என்று தெரிய வேண்டும். சித்தப்பாவிடம் இருந்தது புரோக்கரின் பழைய போன் நம்பர் ஒன்றுதான், அதுவும் சுவிட்ச் ஆஃப்.

சரி, ஃபைன் ஏன் இவ்வளவு பெரிய தொகை? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு அதற்கேற்ற புதிய அபராதத் தொகைகளை 2022 அக்டோபரில் கொண்டுவந்தது. அதுவரை ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய். ஒரே ராத்திரியில் அது 1,000 ஆனது. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஹெல்மெட் ஃபைன் மூன்று நாள் கூலி, சித்தப்பாவுக்கு வந்த 6,000 கிட்டத்தட்ட பதினெட்டு நாள் கூலி. சென்னையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் 1,000 ரூபாய் ஃபைனை ஜோக்காக ஸ்டேட்டஸில் போடுவார்கள். ஒலக்கூரில் அது அப்படி இல்லை.

அதற்காக ஹெல்மெட் ஃபைன் அநியாயம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 பேர் உயிரிழப்பு. அதே ஆண்டு நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் முதல்வர் தொடங்கிவைத்தது எங்கே தெரியுமா? எங்கள் ஊரிலிருந்து இதே ஜி.எஸ்.டி ரோட்டில் சென்னைப் பக்கம் போனால் வரும் மேல்மருவத்தூரில். இந்த ரோட்டைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. ஹெல்மெட் போடாததற்குச் சட்டம் சொல்லும் தண்டனை 1,000 ரூபாயோடு நிற்கவில்லை. 194டி பிரிவில் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஒரே வண்டியில் மூன்று பேர் போவதற்கும் அப்படித்தான். போன் பேசிக்கொண்டு ஓட்டி, மூன்று வருடத்துக்குள் மறுபடியும் சிக்கினால் தொகை 10,000 வரை போகும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் இரண்டாவது தடவை மாட்டினால் 4,000.

"கர்நாடகாவுல பாதி தள்ளுபடி குடுத்தாங்களாம். நம்மளும் கொஞ்ச நாளு பாக்கலாமா?" என்றார் சித்தப்பா. வாட்ஸ்அப் அவரையும் விடவில்லை. உண்மைதான், 2022-ல் தெலங்கானாவும் 2023 பிப்ரவரியில் கர்நாடகாவும் பழைய பாக்கிகளுக்குத் தள்ளுபடி கொடுத்து வசூலித்தன. அதை நம்பி இங்கே காத்திருப்பது, பம்பர் பரிசு விழும் என்று கடன் வாங்குவது மாதிரி. கட்டாத செல்லான் கோர்ட்டுக்குப் போகும். வாகன் பதிவேட்டில் பாக்கி நிற்கும் வண்டிக்குப் பெயர் மாற்றம், எஃப்.சி, என்.ஓ.சி என்று ஆர்.டி.ஓ ஆபீஸில் எந்த வேலைக்குப் போனாலும் முதலில் 'பாக்கியைக் கட்டிட்டு வாங்க' என்பார்கள்.

3,000 ரூபாய் செல்லானில் ஒளிந்திருந்த 28 லட்சம்

சித்தப்பாவுக்கு 6,000 என்ற தொகைதான் கண்ணில் நின்றது. எனக்கு மூன்றாவது செல்லானில் இருந்த ஒரு வரி: இன்ஷூரன்ஸ் இல்லை.

அவருடைய பெயரில் இருக்கும் ஒரு வண்டி, இன்ஷூரன்ஸ் இல்லாமல், யாரோ போன் பேசிக்கொண்டே ஓட்ட, ஜி.எஸ்.டி ரோட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நாளைக்கு யாரையாவது இடித்துவிட்டால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. சுப்ரீம் கோர்ட் வரை போன கேள்வி. 2009-ல் நடந்த ஒரு விபத்து, கார் பின்பக்கமாக வந்து இடித்ததில் ஒருவர் இறந்துபோனார். பதிவேட்டில் பெயர் இருந்தவர் அதற்கு முன்பே, 2007-லேயே, காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. யாரும் பெயர் மாற்றவில்லை. நஷ்டஈட்டை யார் கொடுப்பது? கடைசியாக வாங்கியவர்தான் என்றது ஐகோர்ட். 'நவீன் குமார் எதிர் விஜய் குமார்' என்ற அந்த வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று சுப்ரீம் கோர்ட் அதை மாற்றித் தீர்ப்பு சொன்னது. விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு. காரணமும் சொன்னது. அடிபட்டவர் வண்டி எத்தனை கை மாறியது என்று தேடித் தேடி அலைய முடியாது.

அடிபட்டவர் பக்கம் நின்று யோசித்தால் தீர்ப்பு சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சித்தப்பா பக்கம் நின்று பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

எவ்வளவு வரும் என்று சித்தப்பா கேட்டார். போனில் கால்குலேட்டரை எடுத்து, சுப்ரீம் கோர்ட் வகுத்த கணக்கிலேயே போட்டுக் காட்டினேன். 28 வயசு கொத்தனார் ஒருவர், மாசம் 15,000 சம்பாதிக்கிறார், வீட்டில் மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர், 40 வயசுக்குள் என்றால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும், 21,000 ஆகிறது. வருஷத்துக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000. 26 முதல் 30 வயசுக்கு 17-ஆல் பெருக்க வேண்டும். 28,56,000 ரூபாய். ஈமச் செலவு போன்ற மற்ற தலைப்புகள் இதற்கு மேல் தனி.

சித்தப்பா கால்குலேட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிவிட்டது. "நெலத்த வித்தாலும் வராதே பாப்பா," என்றார்.

இத்தனைக்கும் 150 சிசி வரையுள்ள சாதாரண பைக்குக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியம், 2022 ஜூனில் நிர்ணயித்தபடி வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. பிரீமியத்தைக் கட்டியிருந்தால் அந்த 28 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி வந்து நின்றிருக்கும். 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு ஷோரூமிலேயே ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஆறாவது வருஷம் யாரும் கூப்பிட்டு ஞாபகப்படுத்த மாட்டார்கள். உங்கள் வண்டி அந்த வயசுக்கு வந்திருந்தால் இந்தப் பத்தியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இன்ஷூரன்ஸுக்கும் செல்லானுக்கும் இன்னொரு முடிச்சும் போடப் பார்க்கிறார்கள். அதிகமாக விதி மீறும் வண்டிக்குப் பிரீமியத்தை அதிகமாக்கலாம் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு 2021 ஜனவரியில் ஒரு பரிந்துரை கொடுத்தது. அப்படி ஒன்று நடைமுறைக்கு வந்தால், செல்லான் நம் பெயரில் சேர்வதே தனிச் செலவாகிவிடும்.

கேரியரைத் தேடி

மறுநாள் காலையில் சித்தப்பாவும் நானும் கிளம்பினோம். முதலில் புரோக்கர். திண்டிவனத்தில் கடையை மாற்றியிருந்தார், ஆனால் டைரியை வைத்திருந்தார். அந்த டைரி இல்லையென்றால் இந்தக் கதை இங்கேயே நின்றிருக்கும். வண்டி முதலில் அச்சிறுப்பாக்கம் பக்கம் ஒருவருக்குப் போயிருந்தது. அவருக்குப் போன் செய்தால், "அத மரக்காணம் பக்கம் ஒரு பையனுக்குக் குடுத்துட்டனே" என்றார். மரக்காணம் பக்கத்துப் பையன் தினமும் திண்டிவனத்துக்குத்தான் சென்ட்ரிங் வேலைக்கு வருகிறார் என்று தெரிந்தது.

மத்தியானம் ஒரு கட்டடத்தின் வாசலில் அவரைப் பார்த்தோம். வண்டி பக்கத்திலேயே நின்றிருந்தது. சித்தப்பா பையனைப் பார்ப்பதற்கு முன்னால் கேரியரைத் தொட்டுப் பார்த்தார்.

சண்டை வரும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். வரவில்லை. அந்தத் தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். பயந்துபோயிருந்தார். "அண்ணே, புக்கு குடுத்தாங்க, சாவி குடுத்தாங்க. பேரு மாத்தணும்னு யாரும் எனக்குச் சொல்லலண்ணே. எனக்கு மெசேஜும் வரலியே." வராதுதான். மெசேஜ் எல்லாம் ஒலக்கூருக்கு வந்துகொண்டிருந்தது, இங்கே ஒருவர் அழித்துக்கொண்டிருந்தார். ஒருவேளை முதல் செல்லானே அந்தத் தம்பியின் போனுக்கு வந்திருந்தால் ரெண்டாவதும் மூன்றாவதும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தேதியைப் பார்த்ததில் ரெண்டாவதும் மூன்றாவதும் அவர் வாங்கிய பிறகு வந்தவை என்று தெரிந்தது. 5,000 ரூபாய். "நான்தாண்ணே" என்று ஒப்புக்கொண்டார், ரெண்டு தவணையில் தருவதாகச் சொன்னார். முதல் 1,000 அச்சிறுப்பாக்கம்காரர் காலத்தில் வந்தது. அவர் அன்றைக்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அதைச் சித்தப்பாவே கட்டினார். மூன்றையும் அந்தத் தளத்திலேயே யு.பி.ஐ-யில் கட்டி, ரசீதை டவுன்லோட் செய்துகொண்டோம்.

அதற்குப் பிறகு பெயர் மாற்றம். இதற்கு வரிசை முக்கியம். செல்லான் பாக்கி இருக்கக் கூடாது, இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். அதனால் தம்பி முதலில் இன்ஷூரன்ஸ் எடுத்தார், புகைச் சான்றிதழ் வாங்கினார். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, படிவம் 29-ம் 30-ம் ஆர்.சி புக்கும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ ஆபீஸுக்குப் போனோம்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நாலு வருசத்துக்கு முன்னால் விற்றபோதும் சித்தப்பா படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் வண்டி விற்கிற எல்லோரும் அதைச் செய்கிறார்கள். தேதி போடாமல், வாங்குகிறவர் பெயர் எழுதாமல், வெறும் கையெழுத்து. புரோக்கர் 'மிச்சத்த நான் பாத்துக்கறேன்' என்பார். அந்தக் காகிதம் வண்டி சீட்டுக்கு அடியில் ஊர் ஊராகப் போகும், ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு மட்டும் போகாது.

படிவம் 29 என்பது விற்கிறவர் தருகிற தகவல். 'இந்த வண்டியை இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றுவிட்டேன்' என்று பதிவு அலுவலகத்துக்குச் சொல்வது. சட்டத்தின் 50-வது பிரிவுப்படி மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். அதை விற்கிறவர்தான் செய்ய வேண்டும், வாங்குகிறவரின் நல்ல மனசை நம்பி விடுகிற வேலை இல்லை. வாங்குகிறவருக்குப் படிவம் 30, முப்பது நாள். இதில் நான் இதுவரை கவனிக்காத ஒன்று: படிவம் 29-ஐ ரெண்டு பிரதியாகக் கொடுக்க வேண்டும், பதிவு முடிந்ததும் ஒரு பிரதியில் குறிப்பு எழுதி விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று படிவத்தின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது. அந்தப் பிரதி சித்தப்பாவிடம் இருந்திருந்தால் போட்டோவில் வந்த கேரியரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

புரோக்கரிடமோ கடையிலோ விற்கிறவர்களுக்கு இன்னொரு வழி இப்போது இருக்கிறது. பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து அதைத் தளத்தில் பதிவு செய்துவிட்டால், அதன் பிறகு வண்டிக்கு அந்த வியாபாரிதான் உரிமையாளர் மாதிரி பொறுப்பு. விலை பேசுவதற்கு முன்னால் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் உங்கள் படிவம் 29-ஐ நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

வண்டி உங்களிடமே இருந்து செல்லான் மட்டும் வரவில்லை என்றால், ஆர்.சி-யில் எந்த மொபைல் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். வண்டி வாங்கிய காலத்தில் வைத்திருந்த சிம், ஷோரூம் பையன் அவசரத்தில் போட்ட அவருடைய நம்பர், வெளிநாடு போன அண்ணனின் நம்பர் என்று எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். பரிவாஹன் தளத்திலேயே மாற்றலாம். நம்பரைத் தப்பாகப் படித்து அடுத்தவர் செல்லான் உங்களுக்கு வந்திருந்தால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகும். போட்டோவைத் திறந்து, பிளேட்டையும் வண்டியின் நிறத்தையும் பார்த்து, அதே தளத்தில் புகார் பகுதியில் உங்கள் வண்டியின் போட்டோவோடு போடுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

போன தடவை பத்தியைப் படித்த ஒரு அம்மா, பிளஸ் டூ படிக்கும் பையன் டியூஷனுக்கு வண்டி எடுத்துப் போகிறான், மாட்டினால் எவ்வளவு ஃபைன் என்று கேட்டிருந்தார். 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினால் 199ஏ பிரிவு பெற்றோர் மேல் அல்லது வண்டி உரிமையாளர் மேல் பாயும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. அம்மா, சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் மாறிவிட்டது. ஆர்.சி இப்போது அந்தத் தம்பியின் பெயரில், அவருடைய போன் நம்பரில். முதல் தவணை 2,500 வந்துவிட்டது. அன்றைக்கு எங்களை வழியனுப்பும்போது தம்பி ஹெல்மெட் போட்டிருந்தார். எங்களுக்காகப் போட்டாரா, செல்லானுக்காகப் போட்டாரா தெரியாது. கேட்கவில்லை.

குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்த படிவம் 29-ஐ சித்தப்பா ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, தகரப் பெட்டியில் பட்டாவுக்கு மேலே வைத்தார். சித்தி பெட்டியை மூடப் போனவர் நிறுத்தி, உள்ளே இருந்து இன்னொரு மங்கிய ஜெராக்ஸை எடுத்தார்.

"அப்ப எங்கண்ணனுக்குக் குடுத்தோமே அந்த மொபெட்டு? அதுக்கு இந்த மாதிரி காயிதம் எதுனா போட்டீங்களா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து, அந்தத் தளத்தை மறுபடியும் திறந்தேன்.